ஆஸ்பத்திரியில் உங்கள் அம்மாவை எழுப்பி நடக்க வைப்பவர் யார்? பிசியோதெரபி உதவியாளர் வேலையும் சட்டத்தில் இல்லாத ஒரு வரியும்

ஆபரேஷன் முடிந்த மறுநாள் காலை. யூனிஃபார்ம் போட்ட ஒருவர் வார்டுக்குள் வந்து, "அம்மா, இன்னிக்கு எழுந்து உட்காரலாமா?" என்று கேட்கிறார். முதுகுக்குப் பின்னால் ஒரு கை, முழங்காலுக்குக் கீழே ஒரு கை. இரண்டு நிமிஷத்தில் அம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறார். நீங்கள் நிம்மதியாகப் பார்த்துக்கொண்டு நிற்கிறீர்கள். வந்தவர் டாக்டர் இல்லை, நர்ஸும் இல்லை. "பிசியோ வந்திருக்காங்க" என்று பக்கத்துப் பெட்காரர் சொல்கிறார்.

அந்தப் 'பிசியோ' பட்டம் பெற்ற பிசியோதெரபிஸ்டா, இன்டர்ன்ஷிப் செய்யும் மாணவரா, உதவியாளரா, அல்லது பல வருஷ அனுபவத்தில் வேலை கற்றுக்கொண்ட வார்டு ஊழியரா? பெரும்பாலும் நாம் கேட்பதே இல்லை. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி அது. ஆபரேஷனுக்குப் பிறகான முதல் சில நாட்களில் அந்தக் கைகள் செய்வதும் செய்யாமல் விடுவதும், உங்கள் அம்மா வீட்டுக்கு நடந்து வருவாரா இல்லையா என்பதில் பெரிய பங்கு வகிக்கின்றன.

அமெரிக்காவில் இந்த வேலைக்கு ஒரு பெயரும் இரண்டு வருஷப் படிப்பும் உரிமமும் உண்டு. இந்தியாவில் வேலை இருக்கிறது, பெயர் தெளிவாக இல்லை. ஏன் அப்படி? இதில் யாருக்கு என்ன சிக்கல்? மைசூருவை வைத்துப் பார்ப்போம்.

ஏன் மைசூரு?

மைசூரு அரண்மனைக்கும் தசராவுக்கும் மட்டும் பெயர் போன ஊர் இல்லை. சுற்றுப்பட்ட மாவட்டங்களுக்கெல்லாம் அதுதான் ஆஸ்பத்திரி ஊர். 1924-ல் பெங்களூருவில் தொடங்கி 1930-ல் மைசூருக்கு மாறிய மருத்துவக் கல்லூரியும் அதோடு இணைந்த கே.ஆர். ஆஸ்பத்திரியும் இங்கே இருக்கின்றன. ஜேஎஸ்எஸ் ஆஸ்பத்திரி இருக்கிறது. தனியார் ஆஸ்பத்திரிகள் பல. பேச்சு, கேட்டல் குறைபாடுகளுக்கான அகில இந்திய நிறுவனம் இருப்பதும் இதே ஊரில்தான். பிசியோதெரபி கல்லூரிகளும் உண்டு.

தமிழ்நாட்டுக் குடும்பங்களும் இங்கே வருகின்றன. கூடலூர், தாளவாடி போன்ற மலைப் பகுதிகளில் இருப்பவர்களுக்கு, பெரிய ஆஸ்பத்திரி என்றதும் கோயம்புத்தூரோடு சேர்ந்து மைசூருவும் மனதில் வரும். ஆனால் கூடலூரிலிருந்து வரும் சாலை பந்திப்பூர் காட்டுக்குள் போகிறது. இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை அங்கே வாகனங்களுக்குத் தடை. ஆம்புலன்ஸுக்கு விலக்கு உண்டு, சொந்தக்காரர்களின் காருக்குக் கிடையாது. அதனால் நோயாளியோடு வந்த ஒருவர், பெரும்பாலும் மகளோ மருமகளோ, வார்டிலேயே தங்கிவிடுகிறார். சம்பளமும் பயிற்சியும் இல்லாத முதல் பிசியோதெரபி உதவியாளர் அவர்தான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் திரும்பி வருவோம்.

'அக்யூட் கேர்' என்றால் என்ன?

திடீரென்று வந்த, தீவிரமான பிரச்சினைக்காக ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆகும் கட்டம்தான் அக்யூட் கேர். பக்கவாதம், மாரடைப்பு, எலும்பு முறிவு, பெரிய ஆபரேஷன், நிமோனியா, ஐசியூ எல்லாம் இதில் அடங்கும். நம் தெருமுனை பிசியோ கிளினிக்கில் நடப்பது வேறு. அங்கே நோயாளி தானே நடந்து வருவார், முட்டி வலி என்பார். இங்கே நோயாளி எழவே முடியாத நிலையில் இருப்பார். மூக்கில் ஆக்சிஜன், கையில் டிரிப், பக்கவாட்டில் சிறுநீர்ப் பை, சில சமயம் வயிற்றிலிருந்து டிரெயின் குழாய். அவரை இவ்வளவோடும் எழுப்ப வேண்டும்.

ஏன் எழுப்ப வேண்டும்? "உடம்பு சரியில்லாதப்போ ரெஸ்ட் எடுக்கட்டுமே" என்பதுதான் நம் வீட்டுப் பெரியவர்களின் பதில். தரவு வேறு மாதிரி சொல்கிறது.

1966-ல் அமெரிக்காவின் டாலஸ் நகரில் ஒரு சோதனை நடந்தது. 20 வயசு வாக்கில் இருந்த ஆரோக்கியமான 5 இளைஞர்களை 3 வாரம் படுக்கையிலேயே வைத்தார்கள். அவர்களின் உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்சத் திறன் கால் பங்குக்கும் மேல் சரிந்தது. 30 வருஷம் கழித்து அதே 5 பேரை மறுபடி அளந்தார்கள். 30 வருஷ முதுமை செய்த சேதத்தைவிட, அந்த 3 வாரப் படுக்கை செய்த சேதம் அதிகமாக இருந்தது.

2007-ல் வெளியான இன்னொரு ஆய்வில் சராசரியாக 67 வயசுள்ள, நோய் எதுவும் இல்லாத பெரியவர்கள் 10 நாள் படுக்கையில் இருந்தார்கள். கால்களில் மட்டும் சுமார் 1 கிலோ தசை போய்விட்டது. இவர்கள் நோயாளிகளே இல்லை என்பதைக் கவனியுங்கள். காய்ச்சல், வலி, சரியாகச் சாப்பிட முடியாமை எல்லாம் சேர்ந்தால் இழப்பு இன்னும் வேகமாக நடக்கும்.

இது தசையோடு முடிவதில்லை. படுத்தே இருந்தால் நுரையீரலின் அடிப்பகுதி சரியாக விரியாது, சளி தேங்கும், நிமோனியா வரலாம். கால் நரம்பில் ரத்தம் உறையலாம். முதுகிலும் குதிகாலிலும் படுக்கைப் புண் வரலாம். அதனால்தான் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2011-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், இடுப்பெலும்பு முறிவுக்கு ஆபரேஷன் ஆனவர்களை, தடை எதுவும் இல்லையென்றால், மறுநாளே எழுப்பி நடமாட வைக்கச் சொல்கிறது. அதன்பின் தினமும் குறைந்தது ஒரு முறை.

தினமும் ஒரு முறை என்பது எளிதான வாக்கியம். 40 பெட் இருக்கும் வார்டில் ஒரே ஒரு பிசியோதெரபிஸ்ட் என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு 20 நிமிஷம் என்றாலும் 800 நிமிஷம், அதாவது 13 மணி நேரத்துக்கும் மேல். உதவியாளர் என்ற வேலை பிறந்ததே இந்தக் கணக்கில்தான்.

இந்த வேலை எங்கே பிறந்தது?

அமெரிக்கப் பிசியோதெரபிஸ்ட்கள் சங்கம் 1967-ல் உதவியாளர் என்ற பிரிவை அதிகாரபூர்வமாக ஏற்றது. தேவை அதிகம், தெரபிஸ்ட்கள் குறைவு என்பதுதான் காரணம். 1969-ல் முதல் 15 பேர் படித்து வெளியே வந்தார்கள். இப்போது அங்கே உதவியாளர் ஆக இரண்டு வருஷ அசோசியேட் டிகிரி படிக்க வேண்டும், தேசியத் தேர்வு எழுத வேண்டும், மாநில உரிமம் அல்லது சான்று வாங்க வேண்டும்.

அங்கே மூன்று படிகள் இருக்கின்றன. முதல் படி பிசியோதெரபிஸ்ட். நோயாளியைப் பரிசோதித்து, எது பிரச்சினை, எவ்வளவு தூரம் போகலாம், எப்போது நிறுத்த வேண்டும் என்று திட்டம் போடுபவர். இரண்டாவது படி உதவியாளர். அந்தத் திட்டத்தை நோயாளியிடம் செயல்படுத்தி, மாற்றங்களைக் கவனித்துத் திருப்பிச் சொல்பவர். முதல் பரிசோதனை அவர் செய்யக் கூடாது, திட்டத்தை அவராக மாற்றக் கூடாது. மூன்றாவது படி 'எய்ட்'. சாமான் எடுத்து வைப்பது, சக்கர நாற்காலி தள்ளுவது, பெட் தயார் செய்வது இவருடைய வேலை. இவருக்கு உரிமம் தேவையில்லை.

இந்தப் படிகளுக்குப் பண மதிப்பும் இருக்கிறது. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறையின் 2023 மே மாதக் கணக்குப்படி, உதவியாளரின் நடுநிலை ஆண்டு ஊதியம் சுமார் 64,000 டாலர், எய்டுக்குச் சுமார் 33,500 டாலர். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வித்தியாசம். இரண்டு வருஷப் படிப்பும் ஓர் உரிமமும் சேர்ந்து தரும் வித்தியாசம் அது.

வார்டில் ஒரு காலை எப்படிப் போகும்?

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். 68 வயசு அம்மா, குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, நேற்று ஆபரேஷன் ஆகியிருக்கிறது. இன்று முதல் முறையாக எழப் போகிறார்.

முதல் வேலை நோயாளியிடம் இல்லை, கேஸ் ஷீட்டில். ராத்திரி பிபி எப்படி இருந்தது? ஹீமோகுளோபின் எவ்வளவு? வலி மாத்திரை எப்போது கொடுத்தார்கள்? மிக முக்கியமாக, ஆபரேஷன் ஆன காலில் எவ்வளவு எடை போடலாம் என்று சர்ஜன் எழுதியிருக்கிறார்? முழு எடை, பாதி எடை, விரல் நுனி மட்டும், எடையே கூடாது என்று பல நிலைகள் உண்டு. இந்த ஒரு வரியைப் படிக்காமல் எழுப்பினால், நேற்றுப் போட்ட கம்பி இன்றைக்கே நகரலாம்.

அடுத்து நர்ஸிடம் இரண்டு வார்த்தை. பிறகு குழாய்களை ஒழுங்கு செய்ய வேண்டும். சிறுநீர்ப் பை எந்தப் பக்கம் தொங்குகிறது, டிரிப் வயர் எட்டுமா, ஆக்சிஜன் குழாய் எவ்வளவு நீளம்? நோயாளி எழுந்த பிறகு இதைக் கவனித்தால் ஏதாவது ஒன்று பிடுங்கிக்கொண்டு வரும்.

இப்போதுதான் நோயாளி. பாதத்தை மேலும் கீழும் அசைக்கச் சொல்வார்கள். கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கிச் சூடாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள், அது ரத்தக் கட்டியின் அறிகுறியாக இருக்கலாம். பிறகு மூச்சுப் பயிற்சி, மூன்று பந்து இருக்கும் அந்த பிளாஸ்டிக் கருவி. அதன் பிறகு பக்கவாட்டில் திரும்பி, கால்களைத் தொங்கவிட்டு உட்காருதல்.

மைசூரில் இந்த நேரத்தில் காதில் விழுவது கன்னடம். "நிதானவாகி ஏளி" என்றால் மெதுவாக எழுந்திருங்கள். "நோவு இதெயா?" என்றால் வலி இருக்கிறதா. "தலெ சுத்துத்தா?" என்பதற்கு மொழிபெயர்ப்பே தேவையில்லை. ஆனால் அந்தக் கேள்விக்கு ஒரு காரணம் இருக்கிறது. எழுந்த மூன்று நிமிஷத்துக்குள் பிபியின் மேல் எண் 20-ஓ கீழ் எண் 10-ஓ குறைந்தால், நோயாளி மயங்கி விழ வாய்ப்பு அதிகம். தலை சுற்றுகிறது என்று அவர் சொல்வதற்கு முன்பே முகம் வெளுக்கும், பதில் தாமதமாகும், உள்ளங்கை வியர்க்கும். நல்ல உதவியாளர் கால்களை மட்டுமல்ல, முகத்தையும் பார்த்துக்கொண்டே இருப்பார்.

எல்லாம் சரியாக இருந்தால் வாக்கர் பிடித்து நிற்பது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, நாலு அடி நடப்பது. முதல் நாள் அவ்வளவுதான். மொத்தம் 20, 25 நிமிஷம், அதில் நடந்தது ஒரு நிமிஷம்கூட இருக்காது. மீதி நேரமெல்லாம் அந்த ஒரு நிமிஷத்தைப் பாதுகாப்பாக ஆக்குவதற்கு.

அடுத்தடுத்த நாட்களில் தூரம் கூடும். டிஸ்சார்ஜுக்கு முன் படிக்கட்டுப் பயிற்சி. ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். வீட்டில் இருப்பது இந்தியன் டாய்லெட்டா என்ற கேள்வியும் வரும். இடுப்பு மூட்டு மாற்றியவர் குத்துக்கால் போட்டு உட்காரக் கூடாது, கால் மேல் கால் போடக் கூடாது. வீட்டுக்கு ஒரு கமோட் நாற்காலி வாங்கச் சொல்லாமல் அனுப்பினால், வார்டில் செய்த வேலையெல்லாம் வீணாகலாம்.

சீக்கிரம் எழுப்பினால் எப்போதும் நல்லதா?

இந்த வேலையின் மிகக் கடினமான பகுதி இங்கேதான் இருக்கிறது. மூன்று ஆய்வுகளை வரிசையாகப் பார்த்தால் புரியும்.

2009: அமெரிக்காவில் ஐசியூவில் வென்டிலேட்டரில் இருந்த 104 பேரிடம் ஒரு சோதனை நடந்தது. சீக்கிரமே பயிற்சி தொடங்கியவர்களில் 59 சதவீதம் பேர் டிஸ்சார்ஜ் ஆகும்போது தங்கள் வேலையைத் தாங்களே செய்யும் நிலைக்குத் திரும்பினார்கள். வழக்கமான கவனிப்பு பெற்றவர்களில் அது 35 சதவீதம். இதற்குப் பிறகு "எல்லாரையும் சீக்கிரம் எழுப்புங்கள்" என்ற குரல் உலகம் முழுக்க வலுத்தது.

2015: பக்கவாதம் வந்த 2,104 பேர், 5 நாடுகள். ஒரு குழுவை 24 மணி நேரத்துக்குள் எழுப்பி, அடிக்கடி, அதிக நேரம் நடமாட வைத்தார்கள். இன்னொரு குழுவுக்கு வழக்கமான கவனிப்பு. மூன்று மாதம் கழித்து நல்ல நிலையில் இருந்தவர்கள் முதல் குழுவில் 46 சதவீதம், இரண்டாவதில் 50 சதவீதம். அதாவது அவசரப்பட்டு அதிகமாகச் செய்தது உதவவில்லை, கொஞ்சம் கெடுதலே செய்தது.

2022: ஐசியூவில் 750 பேர். அதிகப்படியான பயிற்சி பெற்ற குழு, வழக்கமான குழுவைவிட அதிக நாள் உயிரோடு வீட்டில் இருக்கவில்லை. ஆனால் இதயத் துடிப்புக் கோளாறு, பிபி மாற்றம், ஆக்சிஜன் குறைவு போன்ற பாதகங்கள் 9.2 சதவீதம் பேருக்கு வந்தன. மற்ற குழுவில் 4.1 சதவீதம்.

இந்த மூன்றும் ஒன்றுக்கொன்று முரண் போலத் தெரியலாம். அப்படி இல்லை. இரண்டாவது, மூன்றாவது ஆய்வுகளின் 'வழக்கமான' குழுக்களும் சும்மா படுத்திருக்கவில்லை, அவர்களையும் எழுப்பினார்கள், ஆனால் அளவோடு. எனவே கேள்வி எழுப்பலாமா கூடாதா என்பது இல்லை. யாரை, எப்போது, எவ்வளவு என்பதுதான். அந்தத் தீர்மானத்துக்குப் பரிசோதனையும் படிப்பும் வேண்டும். அது தெரபிஸ்டின் வேலை. தீர்மானித்ததைத் தினமும் தவறாமல் செய்வதற்குக் கைகள் வேண்டும். அது உதவியாளரின் வேலை. இரண்டுக்கும் நடுவே உள்ள கோடு தெளிவாக இல்லாத இடத்தில்தான் ஆபத்து.

இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது?

இங்கே இரண்டு எண்களைப் பார்ப்போம்: 2264, 3255.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு உலகத்தில் உள்ள வேலைகளுக்கெல்லாம் எண் கொடுத்திருக்கிறது. 2008-ஆம் ஆண்டுப் பட்டியலில் 2264 என்றால் பிசியோதெரபிஸ்ட். 3255 என்றால் பிசியோதெரபி டெக்னீஷியன்களும் உதவியாளர்களும். இந்தியாவின் 2015 தேசியத் தொழில் வகைப்பாடும் இதே அமைப்பைத்தான் பின்பற்றுகிறது.

2021-ல் நாடாளுமன்றம் ஒரு முக்கியமான சட்டம் கொண்டுவந்தது. சார்பு மற்றும் சுகாதாரப் பணியாளர்களுக்கான தேசிய ஆணையச் சட்டம். டாக்டர்களுக்கும் நர்ஸுகளுக்கும் இருப்பது போல, லேப் டெக்னீஷியன், எக்ஸ்ரே டெக்னாலஜிஸ்ட், பிசியோதெரபிஸ்ட் போன்றவர்களுக்கும் பதிவேடு, பாடத்திட்டம், ஒழுங்குமுறை வேண்டும் என்பது நோக்கம். அமலாக்கம் இழுத்துக்கொண்டே போனதால், 2024 ஆகஸ்ட் 12-ல் உச்ச நீதிமன்றம் தலையிட்டு, 2 மாதத்துக்குள் அமல்படுத்தச் சொன்னது.

இந்தச் சட்டம் இரண்டு வகையினரை வரையறுக்கிறது. ஒன்று, அசோசியேட், டெக்னீஷியன், டெக்னாலஜிஸ்ட் ஆகியோர் அடங்கிய சார்பு சுகாதாரப் பணியாளர்கள். இவர்களுக்கு 2 முதல் 4 வருஷத்தில் குறைந்தது 2,000 மணி நேரப் படிப்பு. இரண்டு, தெரபிஸ்ட் போன்ற சுகாதாரத் தொழில்முறையாளர்கள். இவர்களுக்கு 3 முதல் 6 வருஷத்தில் குறைந்தது 3,600 மணி நேரம். ஆகக் கொள்கை அளவில், அமெரிக்கா போலவே இரண்டு படிகளுக்கு இடம் இருக்கிறது.

சட்டத்தின் கடைசியில் இருக்கும் அட்டவணைக்குப் போங்கள். 10 பிரிவுகள். அதில் மூன்றாவது பிரிவு பிசியோதெரபி. அந்தப் பிரிவில் ஒரே ஒரு வேலைதான் இருக்கிறது: பிசியோதெரபிஸ்ட், எண் 2264. குறைந்தபட்சத் தகுதி இளநிலைப் பட்டம், தனியாகவோ குழுவாகவோ பணி செய்யலாம் என்று குறிப்பும் இருக்கிறது. 3255 என்ற வரி அங்கே இல்லை.

இதற்கு ஒரு நியாயமும் உண்டு. பட்டப்படிப்பு படித்த பிசியோதெரபிஸ்ட்கள் தங்கள் அங்கீகாரத்துக்காகப் பல வருஷம் போராடியிருக்கிறார்கள். சின்னச் சான்றிதழ் ஒன்றை வைத்துக்கொண்டு கிளினிக் திறப்பவர்களைப் பார்த்து எரிச்சல்படுவது அவர்களுடைய அன்றாடம். 'உதவியாளர்' என்று ஒரு வரியைச் சேர்த்தால், நாளைக்கு அவர்களும் போர்டு மாட்டுவார்களே என்ற பயம் இயல்பானது. ஆஸ்பத்திரிகள் செலவு குறைக்க தெரபிஸ்டுக்குப் பதிலாக உதவியாளரை வைத்துக்கொள்ளும் என்ற கவலையும் இருக்கலாம். அமெரிக்காவில் இந்தப் பண விஷயம் வெளிப்படையாகவே இருக்கிறது. 2022 முதல், வெளிநோயாளிகளுக்கு உதவியாளர் தரும் சேவைக்கு மெடிகேர் காப்பீடு 85 சதவீதக் கட்டணம்தான் தருகிறது.

ஆனால் பட்டியலில் ஒரு வேலையைச் சேர்க்காமல் விட்டால், அந்த வேலை நின்றுவிடாது. பெயர் இல்லாமல் நடக்கும்.

2025 செப்டம்பரில் பிசியோதெரபிஸ்ட்கள் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' போடலாமா என்ற சர்ச்சை பெரிய செய்தியானது. கூடாது என்று மத்திய சுகாதாரச் சேவைகள் இயக்குநரகம் 9-ஆம் தேதி கடிதம் எழுதியது, அடுத்த நாளே அதை நிறுத்தி வைத்தது. பெயருக்கு முன்னால் என்ன போடுவது என்று நாடே பேசியது. வார்டில் நோயாளியைத் தொட்டுத் தூக்குபவரின் பெயர்ப் பட்டையில் என்ன இருக்கிறது என்று யாரும் பேசவில்லை.

அப்படியானால் இங்கே அந்த வேலையை யார் செய்கிறார்கள்?

பொதுவாக ஐந்து பேர். ஒன்று, பிசியோதெரபிஸ்டே. இரண்டு, கல்லூரியோடு இணைந்த ஆஸ்பத்திரிகளில் இன்டர்ன்கள். பிபிடி படிப்பில் இதுவரை 6 மாத இன்டர்ன்ஷிப் இருந்தது. புதிய தேசியப் பாடத்திட்டத்தில் அது ஒரு வருஷம், மொத்தப் படிப்பு 5 வருஷம். மூன்று, நர்ஸுகள். நான்கு, ஆயாக்களும் வார்டு பாய்களும், திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் சான்றிதழ் பெற்ற 'ஜெனரல் ட்யூட்டி அசிஸ்டென்ட்'களும். ஐந்து, நோயாளியின் குடும்பம்.

இவர்களில் பலர் நல்ல அனுபவசாலிகள். 15 வருஷம் எலும்பு வார்டில் இருந்த ஓர் ஆயாவுக்கு, நோயாளியை வலிக்காமல் திருப்பத் தெரிந்த அளவு புதிதாக வந்த இன்டர்னுக்குத் தெரியாது. பிரச்சினை திறமை இல்லை. மூன்று விஷயங்கள் இல்லை: என்ன செய்யலாம், செய்யக் கூடாது என்ற எழுதப்பட்ட எல்லை, ஏதாவது தவறினால் யார் பொறுப்பு என்ற தெளிவு, கற்ற திறமைக்கு ஏற்ற சம்பளமும் அடுத்த படியும்.

இதோடு உடம்பு வலியும் சேர்கிறது. அமெரிக்க ஆய்வாளர்கள் நோயாளியைக் கையால் தூக்குவதற்குப் பரிந்துரைத்த உச்ச வரம்பு 35 பவுண்டு, சுமார் 16 கிலோ. 70 கிலோ உள்ள ஒருவரைத் தினமும் பலமுறை தூக்கும் ஊழியரின் முதுகுக்கு என்ன ஆகும் என்று கணக்குப் போட வேண்டியதில்லை. இடுப்புப் பட்டை, வழுக்கும் ஷீட், உயரம் மாற்றும் கட்டில் போன்றவை இதற்காகவே இருக்கின்றன. உரிமமும் பெயரும் உள்ள ஊழியர் இவற்றைக் கேட்டு வாங்க முடியும். பெயர் இல்லாதவர் "சரிங்க சார்" என்று தூக்கிவிடுவார்.

இந்த வேலைக்குப் போகலாமா?

பிளஸ் டூ முடித்த தம்பியோ தங்கையோ உங்களிடம் கேட்டால் என்ன சொல்வது? நேராகச் சொல்லலாம். இந்தியாவில் பிசியோதெரபியைத் தொழிலாக எடுக்க விரும்பினால் பிபிடிதான் பாதுகாப்பான வழி. சட்ட அட்டவணையில் இருக்கும் வரி அது ஒன்றுதான். "ஆறே மாசத்தில் பிசியோ அசிஸ்டென்ட், உடனே வேலை" என்று விளம்பரம் வந்தால், அந்தச் சான்றிதழை எந்தக் கவுன்சில் பதிவு செய்யும் என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால், ஃபீஸ் கட்ட வேண்டாம்.

வெளிநாட்டுக் கணக்கும் உண்டு. இங்கே பிபிடி முடித்துப் பிரிட்டன் போகும் பலர், அங்குள்ள ஒழுங்குமுறைக் கவுன்சிலின் பதிவு கிடைக்கும் வரை பிசியோதெரபி உதவியாளராக வேலை பார்க்கிறார்கள். அங்கே பதிவு இல்லாமல் 'பிசியோதெரபிஸ்ட்' என்று சொல்லிக்கொள்வது சட்ட மீறல், ஆனால் உதவியாளர் என்பது மரியாதையான, எல்லை தெளிவான வேலை. இங்கே பெயர் இல்லாத வேலைக்கு அங்கே வேலை விவரமும் ஊதிய அளவும் இருக்கின்றன.

இனி என்ன நடக்கலாம்?

சட்டத்தின் அட்டவணை கல்லில் செதுக்கியது இல்லை. ஆணையத்தைக் கலந்தாலோசித்து அதை மாற்றும் அதிகாரம் மத்திய அரசுக்கு இருக்கிறது. 3255-ஐச் சேர்க்கலாம். சேர்த்தால் மூன்று பாதுகாப்புகள் வேண்டும்: முதல் பரிசோதனை தெரபிஸ்ட் மட்டுமே செய்வது, உதவியாளர் தனியாக கிளினிக் நடத்தத் தடை, ஒரு தெரபிஸ்டின் கீழ் எத்தனை உதவியாளர் என்ற உச்ச வரம்பு. ஏற்கெனவே வார்டில் பல வருஷம் வேலை செய்தவர்கள் தேர்வெழுதி மேலே வரவும் ஒரு வழி வேண்டும். சேர்க்காமலும் விடலாம். அப்படியானால் எல்லா வார்டுக்கும் போதுமான பிசியோதெரபிஸ்ட்களை நியமிக்க வேண்டும். இரண்டும் செய்யாமல் இருப்பதுதான் இப்போதைய நிலை.

நாம் என்ன செய்யலாம்?

ஆரம்பத்தில் சொன்ன அந்த மகளிடம் திரும்புவோம். இரவு சாலை மூடியதால் வார்டிலேயே தங்கிய அவர், பிசியோதெரபிஸ்ட் வரும் 20 நிமிஷம் போக மீதி 23 மணி நேரம் 40 நிமிஷம் அம்மாவோடு இருக்கிறார். அவருக்கு உதவும் ஐந்து விஷயங்கள்:

1. வருபவரிடம் மரியாதையாகக் கேளுங்கள்: "நீங்க பிசியோதெரபிஸ்டா, இன்டர்னா, உதவியாளரா? இன்னிக்கு என்ன செய்யணும்னு யார் முடிவு பண்ணாங்க?" நல்ல ஊழியர் யாரும் இதற்குக் கோபப்பட மாட்டார்.

2. காலில் எவ்வளவு எடை போடலாம் என்று கேட்டு, போனில் எழுதி வையுங்கள். ஷிஃப்ட் மாறும்போது அடுத்தவருக்கும் சொல்லுங்கள்.

3. பக்கவாதம் வந்தவரை, செயலிழந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள். தோள் மூட்டு எளிதாக விலகிவிடும். எப்படித் தாங்குவது என்று ஒருமுறை செய்து காட்டச் சொல்லி, அவர்கள் முன்னாலேயே நீங்களும் செய்து பாருங்கள்.

4. தலை சுற்றல், நெஞ்சு வலி, மூச்சு வாங்குதல், திடீர் வியர்வை, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீக்கம். இதில் எது வந்தாலும் நிறுத்திவிட்டு நர்ஸைக் கூப்பிடுங்கள். "கொஞ்சம் பழகிட்டா சரியாயிடும்" என்று நீங்களாக முடிவெடுக்க வேண்டாம்.

5. டிஸ்சார்ஜ் அன்றைக்கு மருந்துச் சீட்டோடு சேர்த்துப் பயிற்சிச் சீட்டும் கேளுங்கள், முடிந்தால் தமிழில். கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ இருந்தால், அங்கேயே படித்துக் காட்டச் சொல்லி வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த முறை ஆஸ்பத்திரி வார்டுக்குப் போகும்போது, கட்டில் ஓரத்தில் குனிந்து ஒருவரைத் தாங்கிப் பிடித்திருக்கும் அந்த ஊழியரின் பெயர்ப் பட்டையைப் படியுங்கள். அதில் பதவி எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். எழுதப்படாமல் இருந்தால், அது அவருடைய தவறு இல்லை.